தாலுகா அலுவலக ஓய்வூதியப் பிரிவுக்குப் புதிதாக வருபவருக்கு: பட்டியல், பணம், பணியாளர்

பவானிசாகர் பயிற்சியில் கோப்பு எழுதக் கற்றுக்கொடுப்பார்கள், தன்பதிவேடு (தன் இருக்கைக்கு வரும் தபால்களின் பதிவு) போடக் கற்றுக்கொடுப்பார்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கை கிடைத்தபின் வேலையின் பெரும்பகுதி ஒரே பட்டியலைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது மெதுவாகத்தான் புரியும். இந்த மாதம் யாருக்குப் பணம் போக வேண்டும் என்று சொல்லும் பயனாளிகள் பட்டியல் அது. மனு, விசாரணை, நிதி ஒதுக்கீடு, தணிக்கை, பணியாளர் பங்கீடு எல்லாம் அந்தப் பட்டியலைச் சரியாக வைத்திருப்பதற்காக நடப்பவை. ஒரு பெயரைச் சேர்ப்பதில் வேகமும், நீக்குவதில் நிதானமும் வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

முதல் படி: எந்தத் திட்டம் என்று கேளுங்கள்

ஓஏபி என்றால் முதியோர் ஓய்வூதியம். ஆனால் 'ஓஏபிக்கு எழுதிப் போட்டேன், என்ன ஆச்சு?' என்று வரும் பெண்மணி விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருப்பார். மாற்றுத்திறனாளி மகனை அழைத்து வருபவரும் ஓஏபி என்றே சொல்வார். எனவே பதிவேட்டைத் திறக்குமுன் திட்டத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962 ஏப்ரல் 1 அன்று மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. மத்திய அரசு தேசிய சமூக உதவித் திட்டத்துடன் 1995 ஆகஸ்ட் 15 அன்று உள்ளே வந்தது. அதன் முதியோர் பிரிவுக்கு 2007இல் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. தகுதி வயது 2011இல் 65இலிருந்து 60 ஆகக் குறைந்தது. மாநிலத்தில் தொகை 2011இல் 1,000 ரூபாய் ஆனது. 2023 ஜனவரியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 ஆகவும், அதே ஆண்டு ஆகஸ்டில் முதியோர், விதவையர் உள்ளிட்டோருக்கு 1,200 ஆகவும் உயர்ந்தது.

திட்டங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று மத்திய அரசு பங்கு தருபவை: வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயதானோருக்கானது, 40 வயது கடந்த விதவைக்கானது, 80 சதவீத ஊனம் உள்ளவருக்கானது. மற்றொன்று முழுக்க மாநில நிதி: ஆதரவற்ற விதவை, கணவரால் கைவிடப்பட்டவர், 50 வயது கடந்த திருமணமாகாத ஏழைப் பெண், மாநில மாற்றுத்திறனாளி உதவித்தொகை, உழவர் பாதுகாப்புத் திட்ட முதியோர் உதவித்தொகை. ஒரே மனுதாரர் இரண்டு மூன்று திட்டங்களுக்குத் தகுதி பெறலாம், வாங்குவது ஒன்றில்தான். 38 வயது விதவை மத்திய திட்டத்தில் விழமாட்டார் என்பதற்காக மனுவைத் தள்ளுபடி செய்துவிடக் கூடாது. அவரை மாநிலத் திட்டத்தில் பரிசீலிக்க வேண்டும். 'வயது போதாது' என்ற ஒற்றை வரியில் தள்ளப்படும் மனுக்களில் கணிசமானவை தவறான திட்டத்தின் கீழ் பதிவானவைதான்.

இரண்டாம் படி: யாருடைய பணம் எவ்வளவு

மத்திய அரசு 60 முதல் 79 வயது வரையுள்ள முதியவருக்கு 200 ரூபாய் தருகிறது. 80 ஆனதும் அது 500 ஆகிறது. மத்தியப் பட்டியலில் உள்ள விதவைக்கும் மாற்றுத்திறனாளிக்கும் 300, அவர்களுக்கும் 80 வயதில் 500. மீதியை மாநிலம் போடுகிறது. 1,200 ரூபாய் கணக்கில் 70 வயது முதியவருக்கு 200 + 1,000. 80 வயதானவருக்கு 500 + 700. பயனாளியின் கைக்கு வருவது ஒரே தொகை என்பதால் 80 வயது கடந்தவரை வகை மாற்ற யாரும் நினைவூட்டமாட்டார்கள். மாற்றாமல் விட்டால் ஒரு ஆளுக்கு மாதம் 300, ஆண்டுக்கு 3,600 ரூபாய் மத்தியப் பங்கு கோரப்படாமல் போகிறது. நூறு பேர் என்றால் 3,60,000. ஆண்டுக்கு இருமுறை பிறந்த ஆண்டை வைத்து வரிசைப்படுத்தி இந்த மாற்றத்தைச் செய்துவிடுங்கள். அரை நாள் வேலை.

மத்தியப் பங்கு எத்தனை பேருக்கு என்பதற்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் உச்ச எண்ணிக்கை உண்டு. 2001 மக்கள்தொகையையும் 2004-05 வறுமை விகிதத்தையும் வைத்துப் போட்ட கணக்கு அது. அதன்பின் முதியவர்கள் எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இறப்பாலும் நீக்கத்தாலும் வரும் காலியிடம் இவ்வளவு முக்கியமாகிறது. தகுதி இருந்தும் காத்திருப்பவருக்குக் காரணம் இதுதான் என்றால் அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 'மேலிடத்திலிருந்து வரவேண்டும்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் இடைத்தரகரைத் தேடிப் போவார்.

மூன்றாம் படி: மனு உள்ளே வரும் வழி

இ-சேவை மையத்தில் பதிவாகும் மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று போகும். காகித மனுவாக ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலோ ஜமாபந்தியிலோ (ஆண்டுதோறும் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கை) வந்தாலும் அதையும் இணையத்தில் ஏற்றி ஒரே வரிசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு வரிசை வைத்திருந்தால் ஒரே ஆள் இரண்டிலும் இருப்பார். ஒன்றில் ஒப்பளிப்பும் (உதவித்தொகைக்கான அனுமதி) மற்றொன்றில் தள்ளுபடியும் நடக்கும்.

பதிவிலேயே கெடும் இடங்கள் சிலவற்றைச் சொல்லலாம். இனிஷியல் முதல் சிக்கல். ஆதாரில் 'மாரியம்மாள்', வங்கிப் புத்தகத்தில் 'கே.மாரியம்மாள்', குடும்ப அட்டையில் 'மாரியாயி' என்றிருக்கும். மூன்றும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டால் ஒப்பளிப்பு நிற்காது. ஆனால் பணம் போக வேண்டுமானால் வங்கிப் பெயரும் ஆதார்ப் பெயரும் பொருந்தியாக வேண்டும். அதை மனு நிலையிலேயே சரி செய்யச் சொல்லுங்கள், ஒப்பளிப்புக்குப் பின் அல்ல.

அடுத்தது வயது. பிறந்த தேதி தெரியாதவர்களின் ஆதாரில் ஆண்டு மட்டும் இருக்கும், அல்லது ஜனவரி 1 என்று இருக்கும். ஒரே தெருவில் பத்துப் பேர் ஜனவரி 1 அன்று பிறந்தவர்களாக இருந்தால் மோசடி என்று எண்ணாதீர்கள். பிறப்பு அல்லது பள்ளிச் சான்று இருந்தால் அதுவே முதன்மை. இல்லாவிட்டால் குடும்ப அட்டை, வாக்காளர் அடையாள அட்டை. அவையும் இல்லாவிட்டால் அரசு மருத்துவமனை மருத்துவ அலுவலரின் வயதுச் சான்று பெறலாம் என்று தேசியத் திட்ட வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. ஆவணமில்லை என்பது தள்ளுபடிக்குக் காரணம் ஆகாது.

விதவையிடம் கணவரின் இறப்புச் சான்றும், மாற்றுத்திறனாளியிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் கேளுங்கள். தேவையில்லாத நகல்களைச் சேர்க்கச் சொல்லி அலையவிடாதீர்கள்.

நான்காம் படி: புலவிசாரணை

இந்தப் பிரிவில் எழுதப்படும் வரிகளில் அதிக எடை உள்ளது விசாரணை அறிக்கையில் 'ஆதரவு' பற்றி வரும் வரி. 'மகன் உள்ளார், பரிந்துரைக்க இயலாது' என்று வந்தால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். மகன் எங்கே இருக்கிறார், என்ன வேலை, ஒரே வீடா தனி அடுப்பா, மாதாமாதம் பணம் தருகிறாரா, அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டு இதை அறிந்தார்கள் என்பவை இருக்க வேண்டும். நல்ல அறிக்கை இப்படி இருக்கும்: 'மனுதாரர் தெற்குத் தெருவில் ஒற்றை அறை ஓட்டு வீட்டில் தனியாக வசிக்கிறார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கூலி வேலை; இரண்டு ஆண்டுகளாகப் பணம் அனுப்பவில்லை என்று அண்டை வீட்டார் இருவர் தெரிவித்தனர். நூறு நாள் வேலைக்குப் போவதையும் உடல்நிலை காரணமாக நிறுத்திவிட்டார்.' நாலு வரிதான். வட்டாட்சியர் முடிவெடுக்க இது போதும், தணிக்கையிலும் நிற்கும்.

விசாரணைக்காக மனுதாரரை அலுவலகத்துக்கு வரச் சொல்வதைத் தவிருங்கள். 75 வயதானவர் பஸ் ஏறி வந்து திண்ணையில் உட்கார்ந்து போவதால் வீடு எப்படி இருக்கிறது என்பது தெரியப்போவதில்லை. கிராம வாரியாக மனுக்களைக் கட்டி, வருவாய் ஆய்வாளரோடு ஒரே நாளில் ஒரு குறுவட்டத்தின் (அவரது எல்லைக்குள் வரும் கிராமங்களின் தொகுதி) இரண்டு மூன்று ஊர்களை முடிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தள்ளுபடி என்றால் ஆணையில் காரணம் மனுதாரருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். எந்த நிபந்தனை பொருந்தவில்லை, எந்த ஆவணம் வந்தால் மறுபரிசீலனை செய்யலாம், கோட்டாட்சியரிடமும் ஆட்சியரிடமும் முறையிடலாம் என்பவற்றைச் சேருங்கள்.

ஐந்தாம் படி: மாதப் பட்டியல்

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாதப் பட்டியலை மூடும் நாள் ஒன்று இருக்கும். அதை மேசையில் எழுதி ஒட்டுங்கள். அதற்குமுன் சேர்க்கை, நீக்கம், வங்கிக் கணக்கு மாற்றம், முகவரி மாற்றம், 80 வயது வகை மாற்றம் ஐந்தையும் முடித்து, சென்ற மாத எண்ணிக்கையோடு ஒட்டிப் பாருங்கள். சென்ற மாதம் 8,000, சேர்ந்தவர் 40, நீங்கியவர் 25, இம்மாதம் 8,015 வரவேண்டும். 8,011 வந்தால் அந்த நாலு பேர் யார் என்று கண்டுபிடிக்காமல் பட்டியலை அனுப்பாதீர்கள். காரணம் தெரியாமல் காணாமல் போகும் பெயர்தான் அடுத்த மாதம் உங்கள் வாசலில் வந்து நிற்கும்.

உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த ஆணையில், தேசிய முதியோர் ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும் என்று சொன்னது. தாமதம் கருவூலத்திலா, ஒதுக்கீட்டிலா, உங்கள் மேசையிலா என்று ஒவ்வொரு மாதமும் தேதி குறித்து வையுங்கள்.

ஓய்வூதியத்தோடு அரிசியும் வேட்டி சேலையும் ஒட்டியிருப்பதை மறக்கக்கூடாது. சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடுபவருக்கு மாதம் 2 கிலோ, சாப்பிடாதவருக்கு 4 கிலோ அரிசி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி. பெயரை நீக்கினால் இவையும் நின்றுபோகும்.

ஆறாம் படி: 'பணம் வரலை'

இந்தப் புகாருக்கு நேரே 'வங்கியில் போய்க் கேளுங்கள்' என்று பதில் சொல்வது பழக்கமாகிவிட்டது. வங்கி 'தாலுகா ஆபீஸில் கேளுங்கள்' என்று திருப்பி அனுப்பும். இந்த வரிசையில் நீங்களே பாருங்கள்.

1. இம்மாதப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் எந்த ஆணையால் நீங்கியது?

2. பெயர் இருந்தால் பணம் அனுப்பப்பட்டதா, திரும்பி வந்ததா? திரும்பியிருந்தால் காரணக் குறிப்பு இருக்கும்: கணக்கு முடக்கம், எண் தவறு, ஆதார் இணைப்பில்லை.

3. வெற்றிகரமாகப் போயிருந்தால் எந்த வங்கிக்கு? ஆதார் வழியாகப் போகும் தொகை, அந்த ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக்குப் போகிறது. சுய உதவிக் குழுக் கடனுக்காகவோ நூறு நாள் வேலைக்காகவோ வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி அங்கே ஆதாரைக் கொடுத்திருந்தால் பணம் அங்கே கிடக்கும். 'வேறு எந்த பாங்கில் கடைசியாக ஆதார் கொடுத்தீங்க?' என்று கேட்டாலே பல புகார்கள் அந்த இடத்திலேயே தீரும்.

4. சரியான கணக்குக்கே போயிருந்தால் எடுத்தது யார்? ஏடிஎம் அட்டை பேரனிடம் இருக்கலாம். ஊருக்கு வரும் வங்கி முகவர் 1,200க்கு 1,150 கொடுத்துவிட்டுப் போகலாம். இதைக் கேட்டால் பெரியவர்கள் தயங்குவார்கள். தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். முகவர் பிடித்தம் செய்வது தெரிந்தால் எழுத்து மூலம் வாங்கி மேலே அனுப்புங்கள். 50 ரூபாய்தானே என்று விட்டால் அது ஊர் முழுக்கப் பிடித்தமாகும்.

கைரேகை விழாதது தனிப் பிரச்சினை. செங்கல் சூளையிலும் வயலிலும் காலமெல்லாம் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். கருவிழி வழியாகவோ வங்கிக் கிளையில் நேரில் பணம் எடுக்கும் வழியாகவோ ஏற்பாடு செய்யுங்கள். ஆதார் எண்ணே கிடைக்காதவருக்கு மாற்று அடையாளத்தில் பயன் தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டத்தின் 7ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

ஏழாம் படி: நிறுத்துவது

தகுதியற்ற ஒருவருக்கு ஒரு மாதம் கூடுதலாகப் போனால் அரசுக்கு 1,200 ரூபாய் இழப்பு. அதை மீட்க வழி உண்டு. தகுதியான ஒருவருக்கு ஒரு மாதம் நின்றால் மாத்திரை வாங்காமல் போகும், மளிகைக் கடன் ஏறும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இறப்பைக் கண்டறிய நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. கிராம ஊராட்சிப் பகுதிகளில் பிறப்பு இறப்புப் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர்தான். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். எனவே மாதக் கடைசியில் ஒவ்வொரு கிராமத்தின் இறப்புப் பதிவையும் பயனாளிகள் பட்டியலையும் ஒப்பிட்டாலே பெரும்பாலான நீக்கங்கள் சான்றோடு முடிந்துவிடும். மருத்துவமனை இருக்கும் நகராட்சிகளின் பதிவை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கிராமத்தார் நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு அங்கேதான் இருக்கும். ஒரே பெயரில் இருவர் உள்ள ஊர்களில் கணவர் அல்லது தந்தை பெயர், கதவு எண், ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் மூன்றையும் பார்க்காமல் நீக்காதீர்கள். உயிரோடு இருப்பவரை இறந்தவராகக் காட்டிவிட்டால் குடும்ப அட்டை வரைக்கும் அது பரவும். திரும்பச் சரிசெய்ய அவர் பல மாதம் அலைய வேண்டும்.

ஆண்டு உயிர்ச்சான்று சரிபார்ப்பில் வீட்டில் ஆள் இல்லை என்று ஒருமுறை வந்தால் 'இறப்பு / குடிபெயர்வு' என்று குறித்துவிடும் பழக்கம் உண்டு. அறுவடைக் காலத்தில் மகள் வீட்டுக்குப் போனவர்கள் இப்படித்தான் பட்டியலிலிருந்து விழுகிறார்கள். இரண்டாவது முறை பாருங்கள், வார்டு உறுப்பினரையோ ரேஷன் கடைக்காரரையோ கேளுங்கள். ரேஷன் அரிசி சென்ற மாதம் வாங்கியிருந்தால் ஆள் ஊரில்தான் இருக்கிறார்.

இறப்பு அல்லாத காரணத்தால் நிறுத்துவதாக இருந்தால் முதலில் அறிவிப்பு, விளக்கம் தர அவகாசம், பிறகுதான் காரணம் எழுதிய ஆணை. வாய்மொழிப் புகாரை வைத்து இருக்கையில் உட்கார்ந்தபடி நிறுத்தக் கூடாது. தவறாக நின்றது என்று தெரிந்தால் நிலுவையோடு மீண்டும் வழங்கும் முன்மொழிவை அன்றே எழுதுங்கள்.

எட்டாம் படி: நிதி ஒதுக்கீடு

சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2235-60-102 என்ற கணக்குத் தலைப்பின் கீழ் வருகிறது. 2235 சமூகப் பாதுகாப்பும் நலனும், 60 பிற திட்டங்கள், 102 ஓய்வூதியங்கள். அதன்கீழ் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித் துணைத் தலைப்பு. தலைப்பு மாறிச் செலவு விழுந்தால் ஒரு திட்டத்தில் பணம் தீர்ந்தும் இன்னொன்றில் மிஞ்சியும் நிற்கும்.

தாலுகாவிலிருந்து போகும் எண்ணிக்கைதான் ஆட்சியர் அலுவலகம் வழியாகச் சேப்பாக்கம் எழிலகத்திலுள்ள வருவாய் நிர்வாக ஆணையரகத்தைச் சேர்ந்து மதிப்பீடாகிறது. கணக்கு எளிது: 8,000 பேர் × 1,200 = மாதம் 96 லட்சம், ஆண்டுக்கு 11 கோடியே 52 லட்சம். அக்டோபரில் புதிதாக 100 பேர் சேர்வார்கள் என்றால் ஆறு மாதத்துக்கு 7,20,000 கூடுதல். இந்த இரண்டாவது வரியைப் போடாமல் நடப்பு எண்ணிக்கையை மட்டும் அனுப்புவதுதான் வழக்கமான பிழை. பிப்ரவரியில் ஒதுக்கீடு போதாமல் போகும், புதிய ஒப்பளிப்புகள் ஏப்ரல் வரை தள்ளிப்போகும்.

மாதாமாதம் உங்கள் செலவையும் கருவூலக் கணக்கையும் ஒப்பிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். வங்கியிலிருந்து திரும்பிய தொகையைச் செலவாகவே வைத்திருந்தால் ஆண்டுக் கடைசியில் மாநிலக் கணக்காயர் எண்ணோடு உங்கள் எண் பொருந்தாது. திருத்திய மதிப்பீட்டிலும் இறுதித் திருத்திய ஒதுக்கீட்டிலும் மிச்சத்தை உண்மையாகக் காட்டிவிடுங்கள். மார்ச் 31 அன்று சரண்டர் செய்யும் (செலவாகாமல் அரசுக்குத் திருப்பித் தரும்) பணம் வேறு தாலுகாவில் காத்திருந்தவருக்குப் பயன்பட்டிருக்கும்.

ஒன்பதாம் படி: பிரிவின் ஆட்கள்

அலுவலகச் செலவுத் தலைப்புகள் வேறு: 301 சம்பளம், 304 பயணச் செலவு, 305 அலுவலகச் செலவு. சம்பள பில் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மை இணையத்தில் தொடங்குபவர், சரிபார்ப்பவர், ஒப்பளிப்பவர் என்று மூன்று கை மாறிப் போகிறது. ஆள் குறைவு என்று ஒருவரே மூன்று கடவுச்சொல்லையும் வைத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. பயனாளிகள் பட்டியலிலும் அதே பழக்கம் வந்துவிட்டால் போலிப் பெயர் நுழைய வாசல் திறந்ததாகிவிடும். கடவுச்சொல் யாருக்கும் தராதீர்கள், யாருடையதையும் வாங்காதீர்கள்.

ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வருகிறது. அந்தந்தக் காலாண்டுக்கு முந்தைய மாதமே பணிப்பதிவேட்டைப் பார்த்து ஆணை தயாரித்துவிட்டால் நிலுவை பில் போட வேண்டிவராது. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். அதைப் பட்டியல் மூடும் வாரத்தில் இருவர் சேர்ந்து எடுக்காமல் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் திட்ட வாரியாகப் பிரிப்பதைவிடக் குறுவட்ட வாரியாகப் பிரிப்பது நல்லது. ஒரே ஊரின் முதியவர், விதவை, மாற்றுத்திறனாளி எல்லாரும் ஒரே உதவியாளரிடம் வந்தால் இரட்டைப் பதிவு உடனே கண்ணில் படும். கிராம நிர்வாக அலுவலரோடு பேசுவதும் எளிது.

தனி வட்டாட்சியர் மாறுதலாகும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ரொக்கப் புத்தகமும் இரும்புப் பெட்டிச் சாவியும் இருக்கும். இணைய உள்நுழைவும் டிஜிட்டல் கையொப்பமும் இருக்காது. புதியவருக்கு அவை பதிவாகும்வரை ஒப்பளிப்பு ஒன்றும் நகராது. மாறுதல் ஆணை வந்த அன்றே அதற்கான கடிதத்தை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பழையவர் விடுவிக்கப்படுமுன் அவர் மேசையில் நிற்கும் மனுக்களை முடித்துத் தரச் சொல்லுங்கள், முடியாதவற்றை எண் போட்டுக் கையொப்பத்துடன் வாங்கி வையுங்கள்.